சாவி கடைசியில்தான்: தமிழ்நாட்டில் வீட்டை வாடகைக்கு விடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

முதன்முறையாக ஒரு மாடிப் போர்ஷனையோ, அடுக்குமாடியில் ஒரு பிளாட்டையோ, பூர்வீக வீட்டையோ வாடகைக்கு விடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மாடியையும் வெளியூரில் இருக்கும் உறவினர்களின் வீடுகளையும் பல ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக இறங்குகிறவர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்கிறார்கள், ஆனால் முன்பின்னாகச் செய்கிறார்கள். பெயிண்ட் அடித்த பிறகு குழாயைப் பார்க்கிறார்கள். சாவியைக் கொடுத்த பிறகு ஒப்பந்தம் பேசுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும் நாளில் அட்வான்ஸ் சண்டை வரும்போது, அதன் வேர் அந்த முதல் வாரத்தில் இருக்கும்.

கடை, அலுவலகம் ஆகியவற்றின் கணக்கு வேறு. இங்கே குடியிருக்கும் வீடு மட்டும்.

1. உங்கள் காகிதங்களை முதலில் சரிசெய்யுங்கள்

வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கேட்க எளிது. ஆனால் அப்பா காலமாகி வருடங்கள் ஆன பிறகும் சொத்து வரியும் மின் இணைப்பும் அவர் பெயரிலேயே ஓடும் வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைகளில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு வாடகை வாங்கினால், மற்றவர்கள் முறுக்கிக்கொள்ளும் நாளில் வாடகைதாரர், “யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை” என்று வாடகையை நிறுத்திவிடலாம். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே வாரிசுதாரர்கள் அனைவரிடமும் இன்னார் பெயரில் வாடகைக்கு விடச் சம்மதம், இன்ன கணக்கில் வாடகை சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்தை ஒருபக்கம் நடத்திக்கொள்ளலாம்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே கையெழுத்திடுபவருக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். வீட்டை வாடகைக்கு விடவும் பராமரிக்கவும் மட்டுமான அதிகாரம் போதும். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துப் பொதுவாக எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லாத ஆபத்து அது. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பிய பத்திரத்துக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சொத்து வரி, தண்ணீர் வரி, மின் கட்டணம் மூன்றிலும் பாக்கி இல்லாமல் செய்துவிடுங்கள். பிளாட் என்றால் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணமும் சேரும். பழைய பாக்கிக்காகப் புதிதாக வந்தவரின் மின்சாரத்தை வாரியத்தார் துண்டித்துவிட்டுப் போனால், முதல் மாதமே உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

2. தண்ணீர், மின்சாரம், பூச்சு, பெயிண்ட் கடைசி

வரிசையை மாற்றிச் செய்தால் பணம் வீணாவது இங்கேதான் அதிகம். பெயிண்ட் அடித்த சுவரில் இரண்டே மாதத்தில் ஓதம் ஏறி உப்புப் பூத்தால் மறுபடியும் சுரண்டி, பூசி, அடிக்க வேண்டும். அதுவும் ஆட்கள் குடியிருக்கும் வீட்டில்.

குளியலறைச் சோதனையை யாரையும் நம்பாமல் நீங்களே செய்யுங்கள். தரையில் தண்ணீர் வெளியேறும் துளையை ஈரத்துணியால் இறுக அடையுங்கள். தரை முழுவதும் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு குளியலறைக்கு மறுபக்கம் உள்ள படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியைப் புறங்கையால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் புறங்கைக்குத் தெரியும். மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக் கூரையையும் பாருங்கள். குளியலறைத் தரை ஓடுகளின் இடுக்கில் கசிவு இருந்தால் மேல்பூச்சு அடைப்பே பல நேரம் போதும். தளத்தின் அடியில் குழாய் இணைப்பில் கசிவு என்றால் தரையை உடைக்க வேண்டியிருக்கும். வீடு காலியாக இருக்கும்போதுதான் அந்த வேலை நடக்கும்.

அடுத்தது மின்சாரம். ஏசி, கீசர், தண்ணீர் மோட்டார் மூன்றையும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஏதாவது டிரிப் ஆனாலோ, பிளக் சூடேறினாலோ எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டியது அப்போதே. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத பழைய வீடுகளில் அதை வாங்கிப் பொருத்திய பிறகே ஆளை வையுங்கள். குளியலறை கீசர் இருக்கும் வீட்டில் இதில் கஞ்சத்தனம் கூடாது. அந்த சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது உண்மையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

கீழ்நிலைத் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவி, மிதவை வால்வைப் பார்த்துவிட்டுப் பிறகு பூச்சு, அதன்பின் பெயிண்ட். எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம் அடித்து, அந்த நிறத்தின் எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை கறைபட்ட ஒரு சுவரை மட்டும் அடித்துச் சமாளிக்கலாம். அறைக்கு ஒரு நிறம் என்றால் முழு வீட்டையும் அடிக்க வேண்டிவரும்.

3. வாடகையும் மாதக் கணக்கும்

தெருவில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று மளிகைக்கடை, இஸ்திரிக்கடை, தரகர் மூவரிடமும் கேளுங்கள். இணைய விளம்பரங்களில் இருப்பது கேட்கும் வாடகை. படிந்த வாடகை அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று வீட்டைப் பூட்டி வைப்பது புதியவர்கள் மாறாமல் செய்யும் தவறு. 17,000 ரூபாய்க்கு இன்று வரத் தயாராக ஒருவர் இருக்கிறார். 18,000 கொடுப்பவருக்காக ஒரு மாதம் காத்திருக்கிறீர்கள். முதலாமவரை வைத்தால் அந்த 12 மாதத்தில் 2,04,000 ரூபாய். காத்திருந்தால் 11 மாதத்துக்கு 1,98,000. ஆயிரம் கூடக் கேட்டு ஆறாயிரம் இழப்பு. இதில் பூட்டிய வீட்டின் பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை.

காலண்டரையும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலானோர் வீடு மாற மாட்டார்கள். இதில் நம்பிக்கை இல்லாத வீட்டுக்காரருக்கும் நஷ்டம் ஒன்றுதான். பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் 11 மாத ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறது. ஆவணியில், செப்டம்பர் 1 அன்று தொடங்கினால் அது ஜூலை 31 அன்று, நட்ட நடு ஆடியில் முடியும். தையில், பிப்ரவரி 1 அன்று தொடங்கினால் டிசம்பர் 31 அன்று மார்கழியில் முடியும். வீடு மாற ஆவணியும் தையும் தோதான மாதங்கள் என்பதால் நிறைய ஒப்பந்தங்கள் இப்படித்தான் அமைகின்றன. இந்த இரண்டு மாதங்களிலும் தொடங்கும் ஒப்பந்தத்தைப் பத்து மாதத்துக்கோ, இன்னும் நீட்டியோ போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பள்ளிக்கூடம் அருகில் உள்ள வீடு என்றால் கோடை விடுமுறையில் முடியுமாறு அமைப்பது இன்னும் நல்லது.

4. ஆளைத் தேர்ந்தெடுப்பது

வருபவரிடம் நான் கேட்பது: எங்கே வேலை, எத்தனை பேர் குடியிருப்பீர்கள், இப்போது இருக்கும் வீட்டை ஏன் விடுகிறீர்கள், எப்போது வர நினைக்கிறீர்கள். சாதியும் சாப்பாடும் கேட்டு ஆள் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதில்களைக் கொண்டு ஐந்தாம் தேதி வாடகை வருமா என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஆளை வாசலோடு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைப்பதற்குத்தான் அந்தக் கேள்விகள் உதவும்.

இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதைவிட, அதற்கு முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். தொல்லை தரும் ஆளை அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கும் இப்போதைய வீட்டுக்காரர், “தங்கமான குடும்பம்” என்றுதான் சொல்வார். பழையவருக்கு அந்த அவசரம் இல்லை. அவரிடம் ஒரே கேள்வி: “அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், எதற்காக?”

அடையாளத்துக்கு ஆதார் நகல் வாங்கும்போது, கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். வேலை பார்க்கும் இடத்தின் அடையாள அட்டை, ஊரில் உள்ள ஒரு நெருங்கிய உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றையும் வாங்குங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரம் கொடுக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுத்துவிடுங்கள். தயங்கும் வாடகைதாரரிடம் இது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரு மோசடி பற்றிய எச்சரிக்கை. இணையத்தில் விளம்பரம் போட்ட சில மணி நேரத்தில், ராணுவத்தில் இருப்பதாகவும் உங்கள் ஊருக்கு மாற்றலாகி வருவதாகவும் ஒருவர் பேசுவார். வீட்டைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது என்பார், சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புவார். அட்வான்ஸ் போடுவதற்காக ஒரு க்யூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்வார். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ எப்போதும் தேவையில்லை. பின் எண் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால் ஒரு ரசீது கொடுங்கள். எந்தத் தேதி வரை வீட்டை அவருக்காக நிறுத்தி வைக்கிறீர்கள், அவர் வராவிட்டால் அந்தத் தொகை என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

5. அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. இதன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வீடு காலியானதும் நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. என்னைக் கேட்டால் மூன்று, மிஞ்சினால் ஐந்து. அட்வான்ஸ் எவ்வளவு பெரிதோ, திருப்பித் தரும் நாளின் நெருக்கடியும் அவ்வளவு பெரிது.

தொகையை வங்கி வழியாக வாங்கி, அப்படியே நிரந்தர வைப்பில் போடுங்கள். பெயிண்ட் செலவுக்கு அட்வான்ஸை எடுத்துவிட்டு, அடுத்தவர் அட்வான்ஸ் கொடுத்தால்தான் பழையவருக்குத் திருப்பித் தர முடியும் என்ற நிலையில் நிற்கும் வீட்டுக்காரர்கள் மிகப் பலர். அந்த நிலையில் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் போய்விடும். முதலில் பணத்தோடு வருபவரை வைக்க வேண்டிவரும்.

மாத வாடகை இல்லாமல் பெருந்தொகை வாங்கும் ஒத்தி, லீசு முறை பற்றிப் பலர் கேட்கிறார்கள். மொத்தத் தொகையையும் முடியும் நாளில் எங்கிருந்து எடுத்துத் தருவீர்கள் என்பதற்கு இன்றே பதில் இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

6. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முத்திரைத்தாள் விற்கும் கடையில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து தரும் மாதிரிப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். அதில் பாதி வரிகள் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

வாடகை, செலுத்தும் தேதி, வங்கிக் கணக்கு, அட்வான்ஸ், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை எல்லோரும் எழுதுவது. எழுதாமல் விட்டுப் பிறகு சண்டை போடுவது இவற்றுக்காக: தண்ணீர் லாரி வந்தால் யார் பணம் கொடுப்பது. மோட்டாரும் மாடிப்படி விளக்கும் ஓடும் பொது மீட்டரின் கட்டணத்தை எப்படிப் பங்கிடுவது. எத்தனை வண்டி நிறுத்தலாம். நாய், பூனை உண்டா. சுவரில் ஆணி அடிக்கலாமா. ஏசி மாட்டத் துளை போட்டால் போகும்போது அடைப்பது யார். இருவரும் எத்தனை மாத அவகாசம் கொடுக்க வேண்டும். புதுப்பிக்கும்போது வாடகை எத்தனை சதவீதம் உயரும். இந்தக் கடைசி எண்ணை எழுதாமல், “அப்போது பேசிக்கொள்ளலாம்” என்று விடாதீர்கள். அப்போது பேச உட்காருகிறவர்கள் இருவருமே கோபத்தோடு உட்காருவார்கள்.

பழுதுபார்க்கும் செலவைப் பற்றிச் சட்டத்தின் அட்டவணையே ஒரு பங்கீட்டைச் சொல்கிறது. கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கீசர் பழுது, கழிவுநீர் அடைப்பு, பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. வேறுவிதமாகப் பேசிக்கொண்டால் அதை எழுதிக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது பெயிண்டுக்காக ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைச் செய்வதாக இருந்தால் ஒப்பந்தத்தில் தொகையோடு இருக்க வேண்டும். எழுதாததைப் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள், ஆளுக்கு ஒரு பிரதி.

7. பதிவு செய்யுங்கள்

11 மாதத்துக்கு எழுதினால் எந்தப் பதிவும் வேண்டாம் என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மை. ஓராண்டுக்கு மேற்படும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். 11 மாதம் என்பது அதைத் தவிர்ப்பதற்கான வழி, அவ்வளவுதான். மேலே சொன்ன வாடகைச் சட்டம் கேட்பது வேறு. காலம் எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

இதற்காக அரசு தனி இணையதளம் வைத்திருக்கிறது. இரு தரப்பு விவரங்கள், அடையாள ஆவணங்கள், வீட்டின் முகவரி, ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைக் கொண்டு விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும். பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். கதவு எண் பழையதா புதியதா என்ற குழப்பத்தில் விண்ணப்பம் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். சொத்து வரி ரசீதில் உள்ள எண்ணை இரண்டிலும் போட்டுவிடுங்கள்.

அந்த எண் இல்லாமலும் வருடக்கணக்கில் வாடகை வாங்கலாம். தகராறு என்று வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

8. இப்போது சாவி

இவ்வளவும் முடியும் முன்பே சாவியைக் கேட்டு ஒரு நல்ல நாள் வந்துவிடும். “நாளைக்கு முகூர்த்தம் சார், பால் மட்டும் காய்ச்சிக்கொள்கிறோம், ஒப்பந்தத்தை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.” இதற்கு மறுப்புச் சொல்லி மனக்கசப்போடு தொடங்க வேண்டாம். நீங்களே போய்த் திறந்துவிடுங்கள், அவர்கள் பால் காய்ச்சட்டும், கொடுக்கும் பாலையும் குடியுங்கள். பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். அடுப்போடு நான்கு பாத்திரமும் ஒரு பாயும் உள்ளே தங்கிவிட்டால் அவர்கள் குடிவந்துவிட்டார்கள் என்றே பொருள். அதன்பிறகு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியிலும் உங்கள் பிடி தளரும்.

கையெழுத்தான பிறகு வாடகைதாரரோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். அறை அறையாக ஒரு பட்டியல்: மின்விசிறி, விளக்கு, குழாய், தாழ்ப்பாள், கண்ணாடி, கொசுவலைச் சட்டம், சாவிகளின் எண்ணிக்கை. ஏற்கெனவே உள்ள விரிசலையும் கீறலையும் நீங்களே காட்டி எழுதுங்கள். உங்கள் குறையை நீங்களே எழுதும்போது, அவருடைய குறையை எழுதும் நாளில் அவர் எதிர்ப்பது குறையும். படங்களை அவருடைய கைபேசியில் எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அவரே அனுப்பிய படத்தை, “இது எப்போது எடுத்ததோ” என்று அவரால் மறுக்க முடியாது.

மின் மீட்டரைப் படம் எடுக்கும்போது ஓடும் எண்ணோடு மீட்டரின் வரிசை எண்ணும் தெரிய வேண்டும். நான்கு மீட்டர்கள் ஒரே பலகையில் இருக்கும் வீடுகளில் எது யாருடையது என்பதை உள்ளே விளக்கை அணைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்துப் போர்ஷனின் கட்டணத்தை வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

9. மாதாமாதம்

வாடகை வங்கிக் கணக்குக்கு வரட்டும். ரொக்கமாக வாங்கினால் கையெழுத்திட்ட ரசீது கொடுப்பது உங்கள் கடமை. தேதி, தொகை, எந்த மாதத்துக்கு என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஐந்தாம் தேதி வர வேண்டியது வராவிட்டால் ஆறாம் தேதி ஒரு குறுஞ்செய்தி. சங்கடப்பட்டு இருபதாம் தேதி வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கத்துவது வேலைக்கு ஆகாது. முதல் தாமதத்தில் எப்படி நடந்துகொள்கிறீர்களோ அதுவே பழக்கமாகும்.

வீட்டுக்குள் போக வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். என் வீடுதானே என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னை மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள், நல்ல வாடகைதாரர் ஏன் போய்விட்டார் என்று பிறகு என்னிடம் கேட்கிறார்கள்.

மின்சாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் கணக்கிடும் அட்டவணையே மாறிவிடுகிறது. இரண்டு குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால், தனித்தனியாக 300 யூனிட் செலவழித்தவர்களும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். உபமீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிப்பது வீட்டுக்காரருக்கு எளிது, வாடகைதாரருக்கு எரிச்சல். தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனமாக உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். கட்டணம் கட்டியாகிவிட்டதா என்பதை இணைப்பு எண்ணைக் கொண்டு நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பழுது என்று சொன்னால் அன்றே பதில் சொல்லுங்கள், வேலை மறுநாள் நடந்தாலும் பரவாயில்லை. நீங்கள் அழைத்தால் வரும் ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் ஆகியோரின் எண்களை வாடகைதாரரிடமே கொடுத்துவிடலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்று பேசி வையுங்கள். பில் இல்லாமல் வாடகையில் கழிப்பதை முதல் முறையே அனுமதிக்காதீர்கள்.

10. வரி

வாடகை வருமானத்துக்கு வருமான வரி உண்டு. ஆண்டு வாடகையிலிருந்து நீங்கள் உண்மையில் செலுத்திய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழிக்கலாம். 2,04,000 ரூபாய் வாடகை, 6,000 ரூபாய் சொத்து வரி என்றால் மீதி 1,98,000. அதில் 30 சதவீதமான 59,400 போக, வரிக்கு உட்படுவது 1,38,600. பழுது பார்க்க ஒரு லட்சம் செலவழித்தாலும் ஒன்றுமே செலவழிக்காவிட்டாலும் அதே 30தான். பெயிண்ட் பில்லைப் பத்திரப்படுத்தி ஆடிட்டரிடம் நீட்ட வேண்டாம்.

சென்னையில் சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31 தேதிகளுக்குள் செலுத்தினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கிறது. உச்சவரம்பு 5,000 ரூபாய்.

வாடகைதாரர் வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்பவராக இருந்து, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். கொடுக்க மறுக்காதீர்கள். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அவர் வாடகையில் 2 சதவீதத்தை உங்கள் வருமான வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்துவார். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 50,000 வரம்பு கிடையாது. வாடகை எவ்வளவானாலும் 30 சதவீதத்துக்கும் சற்று மேலாகப் பிடிக்க வேண்டும். இதை முன்பே சொல்லாமல் வாடகைதாரரைச் சிக்கலில் விடுவது முறையல்ல.

11. காலி செய்யும் நாள்

பொருட்கள் வண்டியில் ஏறிய பிறகு, வெறும் வீட்டில், பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சுற்றி வாருங்கள். பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர் அப்போதுதான் தெரியும். புழங்கியதால் வந்த தேய்மானத்துக்குப் பிடிக்காதீர்கள். மங்கிய பெயிண்ட், தளர்ந்த கீல், பழுப்பேறிய சுவிட்ச் ஆகியவை வாடகையிலேயே அடங்கியவை. உடைந்த வாஷ்பேசின், விரிசல் விழுந்த கிரானைட் பலகை, காணாமல் போன மின்விசிறி ஆகியவற்றுக்குப் பிடிக்கலாம், பொருளின் வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு.

மின் கணக்கெடுப்புக்கு இடைப்பட்ட நாளில் போகிறவர்களுக்கு, அன்றைய மீட்டர் எண்ணிலிருந்து கடைசியாகக் கணக்கெடுத்த எண்ணைக் கழித்து, வரும் யூனிட்டுக்கு உத்தேசமாக ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். “பில் வந்ததும் சொல்கிறேன்” என்று சில நூறு ரூபாய்க்காக ஒரு மாதம் இழுத்தடிப்பது இருவருக்கும் தொல்லை.

பிடித்தத்தை வரி வரியாக எழுதிக் கொடுத்து, மீதியை அங்கேயே வங்கிக் கணக்குக்கு அனுப்பி, எல்லாச் சாவிகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். “வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தேன், அட்வான்ஸ் பாக்கி எதுவும் இல்லை” என்று தேதியோடு ஒரு கையெழுத்து. அன்று மாலையே பூட்டை மாற்றிவிடுங்கள். கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி ஆகியவற்றை மாற்றிக்கொள்ளச் சொல்வதும் நல்லது. இல்லாவிட்டால் அவருக்கு வரும் கடன் நோட்டீஸ்கள் உங்கள் வாசலுக்கே வந்துகொண்டிருக்கும்.

12. வாடகையும் வராமல், காலியும் செய்யாமல் இருந்தால்

தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, வெளியே போன நேரத்தில் வேறு பூட்டுப் போடுவது ஆகிய யோசனைகளைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். வாடகை பாக்கி இருந்தாலும் அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக் கூடாது என்கிறது சட்டம். அதைச் செய்த நிமிடத்தில் புகார் கொடுக்கும் இடத்துக்கு அவரும், பதில் சொல்லும் இடத்துக்கு நீங்களும் வந்துவிடுவீர்கள்.

இரண்டு மாத வாடகை பாக்கி, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்ற காரணங்களுக்காக வாடகை நீதிமன்றத்தில் காலி செய்ய உத்தரவு கேட்கலாம். பாக்கிக்காக என்றால் முதலில் தொகையைக் குறிப்பிட்டு கிடைத்ததற்கான சான்றோடு தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பாக்கியையும் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது. உங்களுக்கும் பணம் வந்துவிட்டது.

கட்டாவிட்டால் பதிவு எண்ணோடு ஒப்பந்தம், வாடகை வரவு நோட்டு, வங்கிக் கணக்கு விவரம், நோட்டீஸ் நகல், அது கிடைத்ததற்கான சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுங்கள். இடையில் அவர் கொஞ்சம் பணம் அனுப்பினால், எந்த மாதப் பாக்கிக்கு வரவு வைத்தீர்கள், இன்னும் எவ்வளவு நிற்கிறது என்று அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.